உஷார்! புதுப் பட்டை போட்டாச்சு என்று அசந்துவிடாதீர்கள்

உங்கள் வீட்டு வாசலில் சரக்கு வண்டி நிற்கிறதா? ட்ரைலரோ, டாரஸோ, ஆறு சக்கர லாரியோ, குட்டியானையோ, எதுவானாலும் சரி. அடுத்த லோடுக்குக் கிளம்பும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஓட்டுகிறவருக்கு நேரம் இல்லையென்றால் வீட்டில் இருக்கிறவர்கள் படித்துக் காட்டுங்கள்.

வண்டியின் ஸ்பிரிங் பட்டை உடைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். பட்டை மாற்றிய பிறகு வருகிற ஆபத்துதான் நிறையப் பேருக்குத் தெரியாது. பட்டறையில் பணத்தைக் கொடுத்து, வண்டியை வெளியே எடுத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி லோடுக்கு அனுப்புகிறீர்களே, அந்த முதல் வாரத்தைச் சொல்கிறேன்.

மாற்றிய முதல் வாரம். கண் அயரக் கூடாத வாரம்.

நம்ம ஊர்க்காரர் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். ஒரே ஒரு ஆறு சக்கர லாரியை வைத்துப் பிழைக்கிறவர். கடன் பாதி அடைந்திருக்கிறது, பாதி பாக்கி. வேப்பலோடைப் பக்கம் உப்பு ஏற்றி, டிரைவர் வைத்து மதுரைக்கு ஓட்டுவார். பின்பக்கம் இடது பட்டைக் கட்டில் மெயின் பட்டையும் அதற்கடுத்த பட்டையும் உடைந்துவிட்டன. பட்டறையில் கட்டைப் பிரித்ததும் மெக்கானிக் பையன் உடைந்த துண்டைக் கையில் எடுத்துக் காட்டினான். உடைந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்து, துருப்பிடித்துக் கிடந்தது. ஓரத்தில் கால்வாசி மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. கறுத்த பகுதி எப்போதோ விரிசல் விட்டது. அந்த விரிசலோடுதான் வண்டி இத்தனை நாளும் லோடு அடித்திருக்கிறது. மிச்சமிருந்த கால்வாசி இரும்புதான் அத்தனை உப்பையும் தாங்கியிருக்கிறது!

அதைப் பார்த்த பிறகாவது பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் பக்கத்து ரெண்டு யூ போல்ட்டையும் சேத்து மாத்திருவோமா? சென்டர் போல்ட்டும் புதுசு போட்டுருவோம்."

"பழசுக்கு என்னல கொறச்சல்? நல்லாத்தான இருக்கு. துடச்சிப் போட்டு விடு. லோடு நிக்குது."

"வலது பக்கக் கட்டு?"

"அது ஒடயலல்லா? பெறவு பாப்போம்."

பையன் அதற்கு மேல் என்ன பேசுவான்? சென்டர் போல்ட்டின் தலை தேய்ந்து போயிருந்ததால், பக்கத்து ஹார்டுவேர் கடையில் அதே தடிமனில் ஒரு சாதாரண போல்ட்டை வாங்கிப் போட்டார்கள். சாயங்காலமே வண்டி உப்பளத்துக்குப் போய்விட்டது.

முதல் நடை நன்றாகப் போனது. இரண்டாவது நடை திரும்பி வந்ததும் டிரைவர் சொன்னார், பிரேக் பிடித்தால் பின்னால் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கிறது என்று. புதுப் பட்டை, செட் ஆக நாலு நாள் எடுக்கும் என்று முதலாளியிடமிருந்து பதில் வந்தது. மூன்றாவது நடையில் குறுக்குச்சாலை ஊரைத் தாண்டி ஒரு பைக் குறுக்கே வந்தது. பிரேக் மிதித்தார். சென்டர் போல்ட் இரண்டு துண்டானது. பின் ஆக்சிலின் இடது பக்கம் நாலு விரல்கடை பின்னால் நகர்ந்தது. வெறும் நாலு விரல்கடை. அந்த வேகத்தில் அது போதும். வண்டி வலப்பக்கம் மூக்கைத் திருப்பியது. டிரைவர் பதறிப்போய் இடப்பக்கம் ஒடித்தார். உப்பு மூட்டை மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிய, லாரி ரோட்டோரப் பள்ளத்தில் சாய்ந்தது.

பைக்காரர் தப்பித்தார். டிரைவருக்குத் தோளில் அடி. கிளீனர் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். இருபது வயதுகூட ஆகாத பிள்ளை.

இரண்டு யூ போல்ட். ஒரு சென்டர் போல்ட். அவர் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். பட்டைக் கட்டை ஆக்சிலோடு சேர்த்துப் பிடித்திருப்பது சென்டர் போல்ட் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. சென்டர் போல்ட் பட்டைகளை வரிசையில் கோத்து வைக்கும். கட்டு உட்கார வேண்டிய இடத்தைக் காட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. பிரேக் பிடிக்கும்போதும், பள்ளத்தில் இறங்கும்போதும், மேட்டில் இழுக்கும்போதும் ஆக்சில் நகராமல் பிடிப்பது யூ போல்ட்டின் இறுக்கம். அந்த இறுக்கம் குறைந்தால் பாரம் மொத்தமும் விரல் தடிமன் சென்டர் போல்ட் மேல் வந்து விழும். அது எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்றும் நடக்கும். மெயின் பட்டைகள் பெரும்பாலும் எங்கே உடைகின்றன என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள். நடு ஓட்டையிலோ, யூ போல்ட் விளிம்பிலோ என்பார்கள். சென்டர் போல்ட்டுக்காகத் துளை போட்ட இடத்தில் பட்டைக்குப் பலம் குறைவு. யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அந்த இடம் வளையாது, அசையவே அசையாது. இறுக்கம் தளர்ந்தால் அந்த இடமும் சேர்ந்து வளையத் தொடங்கும். ஓட்டையின் ஓரத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விழும். பட்டை உடைந்தது என்று பட்டையைத் திட்டுகிறோம். குற்றவாளியான அதே பழைய யூ போல்ட் மறுபடி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

சரி, புது யூ போல்ட்டும் போட்டாயிற்று. இறுக்கியும் ஆயிற்று. நிம்மதியா?

இல்லை. இன்னும் இல்லை.

புதுப் பட்டைகளுக்கு நடுவே பெயின்ட் இருக்கும். ஓரங்களில் பிசிறு இருக்கும். அடித்தட்டில் பழைய துரு ஒட்டியிருக்கும். வெறும் வண்டியாக நிற்கும்போது எல்லாம் இறுகி இருப்பதாகத் தோன்றும். முதல் முழு லோடு ஏறி, ரோட்டில் குலுங்கியதும் அந்தப் பெயின்ட் நசுங்கும், பிசிறு தேயும், துரு உதிரும். கட்டின் தடிமன் துளி குறையும். அந்தத் துளி குறைந்தாலே யூ போல்ட்டின் இறுக்கத்தில் பெரும் பங்கு போய்விடும். நட்டு கழலவில்லை, இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிடிப்பு மட்டும் போயிருக்கும்.

அதனால்தான் முதல் லோடு ஓடி வந்ததும் மறுபடி இறுக்கச் சொல்கிறார்கள். பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கினால் எவ்வளவு இறுகியது என்று யாருக்குத் தெரியும்? ஒரு நட்டு குறைவாக இருக்கும். இன்னொன்று இழுபட்டு மரை செத்திருக்கும். முன்னே ஒன்று, பின்னே குறுக்காக ஒன்று என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கி முடிக்காதீர்கள். சக்கரம் தரையில் ஊன்றி, பாரம் பட்டை மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு.

வீட்டம்மாமார் கவனியுங்கள். மகளின் நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தால் ஓட்டுகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். சிரிக்காதீர்கள். இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தட்டு வரைக்கும் ஒரே கோடாகப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். டீ குடிக்க நிறுத்தும்போது குனிந்து பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. விலகவில்லை என்பதற்காக மறு இறுக்கை விட்டுவிடவும் கூடாது. நட்டு நகராமலேயே பிடிப்பு போகும் என்று மேலே சொன்னேன்.

யூ போல்ட்டை ஏன் திரும்பப் போடக் கூடாது? சரியாக இறுக்கிய யூ போல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும். அந்த விறைப்புதான் கட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. வருடக்கணக்கில் விறைத்து நின்று, மரையில் துரு ஏறி, கழற்றும்போது அடி வாங்கி வந்ததை மறுபடி மாட்டினால், ரெஞ்ச் காட்டுகிற அளவு பொய்யாகிவிடும். பாதி பலம் துருவோடு உரசுவதிலேயே செலவாகிவிடும். இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. கழலாத நட்டை கேஸ் வைத்துச் சுட்டுக் கழற்றி, அதே போல்ட்டை மாட்டுவது. சுட்ட போல்ட் பதம் போன போல்ட். அந்தத் தீ பட்டை மேல் பட்டாலும் தொலைந்தது.

ஸ்பிரிங் பட்டை சாதாரண இரும்பு கிடையாது. சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம் எல்லாம் கலந்த எஃகு. 800 டிகிரிக்கு மேல் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி 400 டிகிரிக்கு மேல் சுட்டுப் பதம் ஏற்றியது. அந்தப் பதம்தான் வளைந்து நிமிரும் பலத்தைத் தருகிறது. வெல்டிங் வைத்தால் வைத்த இடத்தைச் சுற்றி நொறுங்குகிற குணம் வந்துவிடும். வெல்டிங் ராடு தவறிப் பட்டையில் ஒரு பொறி வைத்தாலே அங்கே விரிசல் பிறக்கும். உடைந்த பட்டையை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காசே வாங்காமல் செய்வதாகச் சொன்னாலும், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம்ம ஊருக்கு என்று தனியாக ஒரு எமன் இருக்கிறான்.

உப்பு.

ஆறுமுகநேரியிலிருந்து வேப்பலோடை வரைக்கும் உப்பளம். காற்றிலேயே உப்பு. உப்பு லோடு ஏற்றினால் மூட்டையிலிருந்து கசிகிற நீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி நேராகப் பட்டைக் கட்டுக்குள் போகும். மீன் வண்டியைப் பாருங்கள். திரேஸ்புரத்திலும் தருவைகுளத்திலும் மீன் பெட்டி ஏற்றிய குட்டியானையிலிருந்து ஐஸ் தண்ணீர் ரோடு முழுக்கச் சொட்டிக்கொண்டே போகிறதே, ரோட்டில் விழுவதற்கு முன்னால் அது எதன் மேல் விழுகிறது? அத்தனையும் உப்புத் தண்ணீர். பட்டைகளுக்கு நடுவே புகுந்தால் சீக்கிரம் காயாது. துரு பொங்கிப் பட்டைகளைப் பிரித்துத் தள்ளும். மேற்பரப்பில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி விழும். அந்தக் குழிதான் விரிசலின் வாசல். உப்பு அரிப்பும் தினசரி வளைவும் சேர்ந்தால், உள்நாட்டில் பல வருடம் ஓடுகிற பட்டை இங்கே பாதி ஆயுளிலேயே போய்விடலாம்.

கழுவினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? கடலோரத்துப் போர் தண்ணீரே உப்பு. உப்பைக் கழுவ உப்பையே அடிக்கிறோம்! உப்பு லோடோ மீன் லோடோ இறக்கியதும் நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில், வல்லநாடு தாண்டி ஆற்றுப் பக்கம் போகும்போதாவது, சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டு அடிப்பக்கம் நன்றாக அடிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு கிரீஸ். சாக்கிள் பின்னிலும் பட்டைக் கண் பின்னிலும் நிப்பிள் இருந்தால், பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். வரவில்லையென்றால் நிப்பிள் அடைத்திருக்கிறது, உள்ளே பின் காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் புஷ் போட்ட வண்டிக்குக் கிரீஸ் கூடாது. வேஸ்ட் ஆயிலைப் பட்டை மேல் பீய்ச்சுகிற பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். ரப்பர் ஊறிப் பொசுபொசுத்துப் போகும். ஹார்பர் பக்கம் ஓடுகிற வண்டியில் நிலக்கரித் தூள் அந்த ஆயிலில் ஒட்டிச் சாந்தாகி, பின்னையும் புஷ்ஷையும் அரைத்தே தீர்த்துவிடும்.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? மறக்க முடியுமா! காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அன்று இடுப்பளவு தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற வண்டிகள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள், சீட் மாற்றினார்கள். பட்டைக் கட்டை எத்தனை பேர் பிரித்துக் கழுவினார்கள்? அப்படி ஒரு வண்டியைச் சல்லிசாக வாங்கியிருந்தால் முதல் வேலையாகக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். எஃப்.சி. முடித்துக் கறுப்புப் பெயின்ட் மின்னுகிறதே என்று ஏமாறாதீர்கள். எஃப்.சி.க்கு முந்தின நாள் அடிக்கிற கறுப்புப் பெயின்ட் துருவை மறைக்கும். விரிசலையும் மறைக்கும்.

இனி அறிகுறிகள். வண்டி வாய் திறந்து சொல்லாது. ஆனால் காட்டும்.

சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? உஷார்.

டேப்பை எடுங்கள். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரைக்கும் இடது பக்கம் அளந்துவிட்டு, வலது பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப் போக வேண்டும். விரல்கடை வித்தியாசம் வந்தாலே வண்டியை நகர்த்தாதீர்கள். ஆக்சில் நகர ஆரம்பித்துவிட்டது. பின்னால் வருகிற வண்டிக்காரர் உங்க லாரி கோணலாகப் போகுதே என்று சொன்னால் கோபப்படாமல் ஓரங்கட்டிப் பாருங்கள். அவர் சொன்னது கண் திருஷ்டி கிடையாது.

சிவப்புத் தூள். இதை நன்றாக நினைவில் வையுங்கள். யூ போல்ட் தட்டின் ஓரத்திலும் பட்டை இடுக்கிலும் செங்கல் பொடி மாதிரி துருத் தூள் கோடாக வழிந்திருந்தால், உள்ளே இரும்போடு இரும்பு உரசுகிறது. சாதாரணத் துரு ஒட்டிக்கொண்டு இருக்கும். இது உதிரும், அன்றன்றைக்குப் புதிதாக உதிரும். உரசிப் பளபளத்த கோடு தெரிந்தாலும் அதே கதைதான்.

கியர் போட்டுக் கிளப்பும்போது ஒரு டொக். பிரேக்கில் ஒரு டொக். புதுப் பட்டை செட் ஆகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறுக்குச்சாலை பள்ளத்தில் கிடந்த லாரியும் அப்படித்தான் செட் ஆனது.

பட்டை ஒன்று வரிசை விட்டுப் பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பது, கிளிப் கழன்று ஆடுவது, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிவது, சேசிஸுக்கு அடியில் உள்ள ஸ்டாப்பர் ரப்பர் இடிபட்டு மழுங்குவது, ஒரு டயர் மட்டும் ஒரு ஓரமாக மேய்வது, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ட்ரைலர்காரர்கள் கூடுதலாக டார்க் ராடு புஷ்ஷையும், இரண்டு பட்டைக் கட்டுக்கும் நடுவே ஆடுகிற பேலன்ஸ் கட்டையின் புஷ்ஷையும் பாருங்கள். அவை தேய்ந்தால் புதுப் பட்டை போட்டும் ஆக்சில் நேராக நிற்காது.

முன் பட்டையில் இதில் எதுவாவது தெரிந்தால் அடுத்த ஊர் வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். பின் பட்டை உடைந்தால் சமாளிக்க ஒரு நொடியாவது கிடைக்கலாம். முன் மெயின் பட்டை கண் பக்கம் உடைந்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது.

கன்டெய்னர் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு பயம். பெட்டி 20 அடியோ 40 அடியோ, மொத்த எடை 30 டன்னைத் தாண்டியும் வரலாம். உள்ளே எந்தப் பக்கம் கனமாக அடுக்கியிருக்கிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது. சீல் வைத்து வருகிறது. கனமான பக்கத்துப் பட்டையே சோர்ந்த பட்டையாக இருந்துவிட்டால்? நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஹார்பரிலிருந்து வந்து வளைவில் திரும்பும்போது தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

எக்ஸ்ட்ரா பட்டை என்ற வியாதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பட்டை கூடப் போட்டால் வண்டி இன்னும் நாலு டன் தாங்கும் என்கிறார்களே, பட்டை தாங்கும். ஆக்சில்? டயர்? பிரேக்? சேசிஸ்? வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஏமாந்து மேலும் மேலும் ஏற்றுவோம். வளைய வேண்டிய பட்டை வளையாததால் அடி முழுவதும் சேசிஸுக்குப் போகும். ரிவிட் தளரும். சேசிஸ் விரியும். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது; நாலு டயர் ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆனது. காகிதத்தில் வரம்பு கூடியதால் உங்கள் பழைய வண்டியின் பட்டை ஒரு நூல்கூடத் தடிக்கவில்லை. குட்டியானை 2005-ல் வந்தபோது அதன் சுமை 750 கிலோ. நம்ம ஊரில் அதன் மேல் ஏறுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை விடாமல் ஓட்டிச் சோதித்ததில், ஆக்சில் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்று கண்டார்கள். நாம் பள்ளமாக்கிய ரோடு நம் பட்டையைத்தான் திருப்பி அடிக்கிறது.

அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அது போகட்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் பணம் கிடையாது. அதிக பாரத்தால் வந்த சேதத்துக்கும் கிடையாது. சர்வேயர் வந்து உடைந்த முகத்தைப் பார்ப்பார். கறுப்பு எது, பளபளப்பு எது என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களைக் குட்டியானையில் நிற்க வைத்து ஏற்றாதீர்கள். பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கும் திருச்செந்தூருக்கும் குடும்பத்தோடு சரக்கு வண்டியில் போகாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இறுக்கிக் கட்டிய மூட்டையாவது ஒரே இடத்தில் கிடக்கும். ஆட்கள் வளைவில் ஒரே பக்கமாகச் சாய்வார்கள். சோர்ந்த பட்டை அந்த நேரம் பார்த்துத்தான் கைவிடும்.

பட்டை மாற்றுகிற வேலையிலேயே உயிர் போகிற இடம் ஒன்று இருக்கிறது. ஜாக்கி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்குக் கிடையாது. தூக்கியதும் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். பாரம் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். நம்ம ஊர் மண் மணலும் உப்புச் சேறும் கலந்தது. ஜாக்கி ஒரு பக்கமாக அமுங்கும். கான்கிரீட் தரை இல்லையென்றால் கனமான பலகையாவது அடியில் போடுங்கள். லோடோடு நிற்கிற வண்டியில் கட்டைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். வளைந்து நிற்கிற பட்டை யூ போல்ட் கழன்ற நொடியில் நிமிரும். எதிரே முகம் இருந்தால் முகம்.

அடியில் ஆள் இருக்கும்போது வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும். போன் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. 1961 வரைக்கும் முத்துக் குளித்த கடற்கரை இது. மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். லாரிக்கு அடியில் போகிறவனுக்கும் அப்படி ஒரு மச்சான் வேண்டும்.

தம்பிமாரே, வெயில் தாங்காமல் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுக்கிறீர்களே! ஹார்பர் ரோட்டில் வரிசைக்காகக் காத்திருக்கும்போது தினமும் நடக்கிறது. ஒரு பக்கம் பட்டை விரிசல் விட்டு நிற்கிற வண்டிக்கு அடியில், ஜாக்கி போட்ட வண்டிக்கு அடியில், படுக்காதீர்கள். மரத்தடி இல்லையா? வியர்த்தாலும் பரவாயில்லை, கேபினிலேயே படுங்கள்.

கடைசியாக, சாமான் வாங்கும் விஷயம். எந்தப் பட்டையையும் கண் அளவில் வாங்காதீர்கள். ஒரே மாடல் வண்டியிலேயே பட்டையின் எண்ணிக்கையும் தடிமனும் மாறும். சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். பழைய கட்டில் ஒரு புதுப் பட்டையைச் சொருகினால் வளைவு பொருந்தாது; எல்லாப் பாரமும் அந்தப் புதியதன் மேல் போய் அது சீக்கிரம் உடையும். கட்டாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள். கையில் காசில்லையென்றால் இரண்டு லோடு பொறுத்திருந்து சேர்த்து மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கடன் வாங்கியாவது மாற்றுங்கள். கடனை அடைத்துவிடலாம். பில் போடச் சொல்லுங்கள். அதில் யூ போல்ட், ஹைடென்சில் நட்டு, சென்டர் போல்ட், பின், புஷ் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற இடத்தில் மாட்டியது புதுசுதானா என்று சந்தேகப்படுங்கள்.

கழற்றிய பழைய யூ போல்ட்டைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். காயலான் கடைக்குப் போய், மரையில் கம்பி பிரஷ் போட்டு, கறுப்பு அடித்து, புதுசு என்று இன்னொருத்தர் வண்டிக்கு வந்துவிடும். உங்கள் கண் முன்னால் நடுவில் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய பிறகு எடைக்குப் போடுங்கள்.